தண்ணீர் திறப்பா, வெளியேற்றமா, விடுவிப்பா? ‘ரிலீஸ்’ படுத்தும் பாடு

“பாசனத்துக்காக மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 10,000 கன அடி நீர் வெளியேற்றம்.” ஜூன் பிறந்தால் போதும், இந்த வாக்கியம் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. பாசனத்துக்கு வருகிற தண்ணீரை யாராவது வெளியேற்றுவார்களா? பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு ‘வெளியேற்றினோம்’ என்று கல்யாணப் பத்திரிகையில் அடிப்போமா? இப்போது இதற்குப் போட்டியாக ‘நீர் விடுவிப்பு’ வேறு கிளம்பியிருக்கிறது. இரண்டுக்கும் மூலம் ‘ரிலீஸ்’ என்கிற ஒரே ஆங்கில வினைச்சொல்.

அதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘ரிலக்சாரே’ என்றால் இறுகியதை மறுபடி தளர்த்துவது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ரிலாக்ஸ்’ அதன் உடன்பிறப்பு. குத்தகையைக் குறிக்கும் ‘லீஸ்’ பங்காளி முறை. பேதி மாத்திரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘லாக்ஸேடிவ்’ என்ற பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். வெளியேற்றம் என்ற சொல் பொருத்தமாக உட்காரும் இடம் அது ஒன்றுதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆங்கிலத்தில் இந்த ஒரு வினை பல வீட்டு வேலை பார்க்கும். தமிழில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஆள் உண்டு. கைதிக்கு விடுதலை. புத்தகத்துக்கு வெளியீடு. படம் திரைக்கு வருகிறது, அல்லது எல்லோரும் சொல்வதுபோல ரிலீஸ் ஆகிறது; அதில் எனக்கு வருத்தமில்லை. மாற்றலாகிப் போகிற ஆசிரியருக்குப் பணி விடுவிப்பு. அண்ணன் தம்பி பாகத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்தால் அது விடுதலைப் பத்திரம். இந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

தண்ணீருக்கு என்ன சொல்? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் “மேட்டூர் தெறந்தாச்சா?” என்பார்கள். “தண்ணி தெறந்து நாலு நாளாச்சு, இன்னும் நம்ம ஆத்துக்கு வரல” என்பார்கள். அதே வாய் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி சம்பாப் பயிர் முழுகிக் கிடக்கும்போது “தண்ணி வடியல” என்று சொல்லும். வேண்டிய தண்ணீரைத் திறப்பார்கள், வேண்டாத தண்ணீரை வடிப்பார்கள். எழுத்து நடையில் வெளியேற்றுவது என்பது இந்த இரண்டாம் வகை. தேங்கிய மழைநீர், கழிவுநீர், அணை கொள்ளாத உபரிநீர் எல்லாம் வெளியேறட்டும், யாரும் தடுக்கவில்லை.

இது வெறும் சொல்லழகுச் சண்டையில்லை. 2024-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய அணை, தண்ணீர் இல்லாததால் அந்த வருடம் ஜூலை 28-ல்தான் பாசனத்துக்குத் திறந்தது. குறுவை போச்சு என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்களுக்கு அதுவே பெரிய செய்தி. மேலே பெய்த மழையில் இரண்டே நாளில், ஜூலை 30-ல், 120 அடி நிரம்பி, உபரிநீர் 16 கண் மதகு வழியாகப் போனது. முதலாவது திறப்பு, இரண்டாவது வெளியேற்றம். ஒன்றைக் கேட்டால் நாற்றங்காலுக்கு விதை எடுக்கலாம். மற்றதைக் கேட்டால் கொள்ளிடக் கரையில் இருப்பவன் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிறவன் விதைநெல்லைத் தேடுவானா, மாட்டைத் தேடுவானா?

கல்லணையில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றிலும் பாசனத்துக்குத் திறக்கிறார்கள். மிஞ்சியது கொள்ளிடத்தில் போகிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று ஆற்றுக்கே பேர் வைத்த ஊர்க்காரர்களுக்கு ‘ரிலீஸ்’ என்று ஒற்றைச் சொல் எதற்கு?

இங்கே ஒரு மறுப்பு வரும். திறப்பது அணையையோ மதகையோதானே, தண்ணீரை எப்படித் திறப்பது, ‘தண்ணீர் திறப்பு’ தர்க்கப்படி பிழையாயிற்றே என்று. இப்படிக் கேட்கிறவர் வீட்டில் சோறு வடிக்க மாட்டார்களா? வடிவது கஞ்சி, சொல்வது சோறு. செக்கில் ஆட்டுவது எள், கிடைப்பது எண்ணெய், ஆனால் ‘எண்ணெய் ஆட்டினேன்’ என்கிறோம். எதற்காக ஒரு வேலையைச் செய்கிறோமோ அதையே செயப்படுபொருளாக நிறுத்துவது தமிழுக்குப் பழக்கம். அப்படியும் மனம் ஒப்பாதவர் ‘திறந்துவிட்டார்கள்’ என்று எழுதட்டும். திறந்தது மதகை, விட்டது தண்ணீரை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் காவிரி நடக்கும்போது உழவர் ஓதையோடு மதகோதையும் கேட்கிறது. மதகு அத்தனை பழைய சொல், அதைத் திறக்கிற வினையைக் கடன் வாங்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

‘விடுவிப்பு’க்கு வருவோம். இதைக் கொண்டுவந்தவர்கள் தூய தமிழ் என்ற பெருமையோடு கொண்டுவருகிறார்கள். ஒலி தமிழ்தான், பொருள் தமிழில்லை. ‘விடு’ என்றாலே வேலை முடிந்தது. “மேல தண்ணி விடமாட்டேங்குறாங்க” என்று டீக்கடையில் பேசுகிறார்களே, அந்த விடு. அதோடு ‘வி’ சேர்த்துப் பிறவினையாக்கினால் பிடிபட்ட ஒருவரைக் கட்டிலிருந்து மீட்பது என்றாகிறது. கடனிலிருந்து விடுவிக்கலாம், வழக்கிலிருந்து விடுவிக்கலாம். தண்ணீர் என்ன குற்றம் செய்து உள்ளே இருந்தது?

இதில் இன்னொரு விஷமமும் இருக்கிறது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் தீர்ப்புச் சொன்னது. எல்லையில் தண்ணீரை அளக்கிற இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. ஜூன் பங்கு 9.19, ஜூலைப் பங்கு 31.24 என்று மாதவாரிக் கணக்கு இருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அவ்வளவு சேரும். இது பங்கு, தர வேண்டியது. அதைப் போய் ‘நீரை விடுவித்தது’ என்று எழுதினால், தன் உரிமையை யாரோ பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த தொனி வந்துவிடுகிறது. விடுதலைப் பத்திரத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். பங்காளி கணக்கைத் தீர்ப்பதும் பங்காளி பாகத்தை எழுதிக்கொடுப்பதும் ஒன்றா? எல்லை தாண்டி வருவதற்கு ‘தருவது’, ‘விடுவது’ இரண்டும் போதும். அணையிலிருந்து ஆற்றுக்கு ‘திறப்பது’. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு ‘பிரிப்பது’, வரத்து குறைந்தால் ‘முறை வைப்பது’. வயலில் ‘பாய்ச்சுவது’, ‘கட்டுவது’. இந்த வரிசையில் ‘விடுவிப்பு’க்கு ஏது காலி இடம்?

மொழிபெயர்ப்பாளர்களை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலக் குறிப்பைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடத்தில் கேட்டால் அகராதியில் முதலில் நிற்கிற சொல்தான் விழும். இப்போது அந்த வேலையையும் இயந்திரம் பார்க்கிறது. அதற்கு மேட்டூரும் தெரியாது, கடைமடையும் தெரியாது. ஆனால் தெரிந்தவர்களே தவறுவதுதான் பொறுக்கவில்லை. டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்து எழுதுகிறவர்கள், எழுத உட்கார்ந்ததும் ஊர்ச் சொல்லுக்கு வெட்கப்படுகிறார்கள். ஆற்றில் ஷட்டர் போட்ட இடத்தை எங்கள் பக்கம் ‘சட்ரஸ்’ என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்து உருமாறிய சொல்தான். அதற்கு ‘நீரொழுங்கி’ என்று பெயர் வைத்ததைக்கூட ஏற்கிறேன், பொருள் விளங்குகிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. நீடாமங்கலம் பக்கத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற மூணாறு தலைப்பைத் ‘தலைப்பு’ என்றே எழுதலாமே. அதை எதற்குப் ‘பிரிவு முனையம்’ ஆக்க வேண்டும்?

தண்ணீரோடு நின்றாலும் பரவாயில்லை. வெள்ளத்தில் போன பயிருக்கு ‘நிவாரண நிதி விடுவிக்கப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். அறிவித்தார்களா, ஒதுக்கினார்களா, மாவட்டத்துக்கு அனுப்பினார்களா, அவரவர் கணக்கில் போட்டார்களா? நான்கும் நான்கு வேலை, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழும். ‘விடுவிப்பு’ என்றால் நான்கில் எதுவாகவும் இருக்கலாம். எழுதுகிற அதிகாரிக்கு அது வசதி. கூட்டுறவு வங்கி வாசலில் நிற்கிறவர் கேட்பது ஒன்றுதான்: “பணம் ஏறிடுச்சா, இல்லையா?”