சென்னை விமானம் ஏன் மேற்கே கிளம்புகிறது?

அக்காவைச் சென்னை விமானத்தில் ஏற்றிவிட்டு, கோவை பீளமேடு விமான நிலையத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். ஆடி மாதம், நல்ல காற்று. விமானம் தென்மேற்குப் பக்கம் எழும்பியதைப் பார்த்து அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, சென்னை கெழக்காலதானுங்க இருக்குது? இது மேக்கால போகுதுங்களே?"

முதலில் தூரத்தைப் பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க டெல்லியையும் சேர்த்துக்கொள்வோம். கோவையும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியில் இருக்கின்றன. அதனால் டெல்லி நமக்கு நேர் வடக்கு. நாம் இருப்பது 11-வது அட்சரேகை, டெல்லி விமான நிலையம் இருப்பது 28.5. வித்தியாசம் 17.5 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 1,940 வரும். உருண்டையான பூமியின் மேல் அதுதான் மிகக் குறுகிய வழி. சென்னை கிழக்கே சாய்ந்து இருப்பதால் கொஞ்சம் கோணக் கணக்கு போடவேண்டும். விடை சுமார் 400 கிலோமீட்டர்.

டெல்லி ஏறக்குறைய ஐந்து மடங்கு தூரம். ஆனால் சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறதென்றால், டெல்லிக்கு மூன்று மணி நேரம்தான். ஏனென்றால் கால அட்டவணையில் இருப்பது, நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் போய் நிற்பது வரையிலான நேரம். தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இரண்டுக்கும் பொது. 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 3 டிகிரிச் சரிவில் இறங்கினால், அதற்கே 190 கிலோமீட்டர் வேண்டும். சென்னைப் பயணத்தில் பாதி அதிலேயே போய்விடும். முழு வேகத்தில் பறக்க வழி எங்கே?

சரி, அவள் கேள்விக்கு வருவோம். இறக்கையைத் தூக்குவது அதன்மேல் ஓடும் காற்று. எதிர்க்காற்றில் ஓடினால் குறைந்த தூரத்திலேயே எழும்பலாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து காற்று நம் ஊருக்குள் பாய்கிறது. பீளமேட்டு ஓடுபாதையும் தென்மேற்கு வடகிழக்காகத்தான் கிடக்கிறது. அதனால் விமானம் காற்றை எதிர்த்து எழும்பி, அப்புறம் சென்னைப் பக்கம் திரும்பும். அதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகப் பிடிக்கும்.

எனக்கு இதைவிட வியப்பு மேலே நடப்பது. அதே ஆடியில், 12 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் காற்று நேர்மாறாகக் கிழக்கிலிருந்து வீசுகிறது! கிழக்கிலிருந்து ஒரு தாரைபோல வேகமாக ஓடும் இந்தக் 'கீழைத் தாரைக்காற்றை' 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம். விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதன் வீச்சு தெரியும். கோவையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,160 கிலோமீட்டர். விமான வேகம் மணிக்கு 900, காற்று 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டால், போகும்போது எதிர்க்காற்றில் 3 மணி 43 நிமிடம். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட 3 மணி 20 நிமிடம்.