ஒரே கடையில இருந்து 6,000 லிங்க்

போன மாசம் சர்ச் கன்சோல்ல (தளம் வச்சிருக்கவங்களுக்கு கூகுள் குடுக்குற டூல்) யாரு நமக்கு லிங்க் குடுக்குறாங்கன்னு காட்டுற லிங்க்ஸ் ரிப்போர்ட்டத் திறந்தா, மேல முதல் வரியிலயே முன்னபின்ன தெரியாத ஒரு தளம், அதுக்கு நேரா 6,000-க்கு மேல ஒரு நம்பர். என்னோட தளம் மோட்டாருக்கு காயில் கட்டுறது, பம்பு ரிப்பேர்னு எழுதுற சின்ன தளம், மொத்தமே நாப்பது பக்கம் தேறாது, அதுக்கு யாரு உக்காந்து இத்தன லிங்க் குடுப்பா?

போய்ப் பாத்தா ஒரு ஹார்டுவேர் கடை. பக்கத்தோட அடியில, ஃபோன் நம்பருக்குக் கீழ, பொடி எழுத்துல நாலு தளத்தோட பேரு, மூணாவது நம்மளது. அவர் டைப் பண்ணது ஒரே தடவதான். ஆனா அந்த அடிப்பகுதி, அதாவது ஃபுட்டர், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட்ல இருக்குறதால அவரு விக்கிற ஒவ்வொரு நட்டு போல்ட்டு பக்கத்துலயும் அது தானா வந்து நிக்குது. இதத்தான் சைட்வைட் லிங்க்ங்கிறாங்க. சில நேரம் திருட்டுத் தளம் நம்ம பக்கத்த மெனுவோட சேத்து அப்படியே காப்பி அடிச்சாலும் இதே மாதிரி குவியும்.

இப்படிக் குவிஞ்சா கூகுள் நம்ம தளத்தத் தண்டிச்சிடும்னு ஏன் ஜனங்க பயப்படுறாங்கன்னா பழைய கதை ஒண்ணு இருக்கு. கூகுள ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டுல இருந்தப்ப 1998-ல வெளியிட்ட பேஜ்ரேங்க்ல, அதாவது லிங்க்க ஓட்டா எண்ணி எந்தப் பக்கம் முக்கியம்னு பாக்குற கணக்குல, ஓட்டுப் போடுறது பக்கம்தான், தளம் இல்ல. ஒரு பக்கத்தோட மதிப்ப அதுல இருக்குற லிங்க்குகளுக்குப் பங்கு பிரிச்சு, 0.85-ஆல பெருக்கி அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். ஃபுட்டர் லிங்க்குக்கு ஒரு பக்கத்துல இருந்து கிடைக்கிறது சில்லறைதான், ஆனா 6,000 பக்கத்துச் சில்லறை சேந்தா நோட்டாயிடும்ல? அதனால ஃபுட்டர்ல இடம் விக்கிறதே ஒரு தொழிலாச்சு.

2012 ஏப்ரல் 24-ல கூகுள் பெங்குவின்னு, லிங்க் மோசடியப் பிடிக்கிற ஒரு அப்டேட்ட விட்டுச்சு, லிங்க் வாங்கிக் குவிச்ச தளமெல்லாம் மளமளன்னு சரிஞ்சுது. அதே வருஷம் அக்டோபர்ல டிஸ்அவோ டூல் வந்துச்சு, அதாவது இந்த லிங்க்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு எழுதிக் குடுக்குறது. ஆனா 2016 செப்டம்பர்ல வந்த பெங்குவின் 4.0-வுல இருந்து தளத்தத் தண்டிக்கிறதுக்குப் பதிலா பெரும்பாலும் அந்த லிங்க்க மட்டும் கணக்குல சேக்காம விட்டுடுறாங்க. இன்னைக்கும் நெறைய பேருக்கு இருக்குறது அந்த நாலு வருஷத்துப் பயம்தான். ஒரே ஆளு தெரு முழுக்க போஸ்டர் ஒட்டுனா ஊரே புகழுதுன்னு யாரும் நினைக்க மாட்டாங்கல்ல, அவ்ளோதான் விஷயம்.

உங்களுக்கு "டாக்ஸிக் லிங்க்" (தளத்துக்குக் கெடுதலான லிங்க்காம்) இத்தன இருக்கு, காசு குடுங்க எடுத்துத் தர்றோம்னு எனக்கும் மெயில் வந்துச்சு. அந்த டாக்ஸிக்ங்கிற முத்திர ஏதோ ஒரு டூல் போடுறது, கூகுள் போடுறது இல்ல.

நான் பாத்தது ரெண்டே விஷயம். ஒண்ணு, லிங்க்ல என்ன வார்த்த இருக்குங்கறது: தளத்தோட பேரு இருந்தா சாதாரணம், "உடனடி லோன்"னு இருந்தா யாரோ விளையாடுறாங்க. இன்னொண்ணு, சர்ச் கன்சோல்ல இருக்குற மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பக்கம், கூகுள் ஆளுங்க நம்ம தளத்து மேல நடவடிக்க எடுத்திருந்தா அதுல காட்டும். அது காலியா இருந்தா, நாமளும் காசு குடுத்து லிங்க் வாங்கலன்னா, டிஸ்அவோ பக்கமே போக வேண்டியதில்ல, கூகுளே பெரும்பாலான தளத்துக்கு அது தேவையில்லன்னுதான் சொல்லுது.

அப்படியே தேவைப்பட்டாலும் 6,000 முகவரிய ஒண்ணொண்ணா எழுத வேண்டாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல டொமைன்னு இங்கிலீஷ்ல எழுதி, முக்காப்புள்ளி வச்சு, இடைவெளி விடாம தளத்தோட பேரப் போட்டா அந்த ஒரு வரி மொத்தத்தையும் அடச்சுடும். புதுசா ஏத்துற ஃபைல் பழசத் தூக்கிடும், அதனால பழைய வரியையும் இதுலயே சேத்துக்கணும், வேலை செய்ய சில வாரமும் ஆகும். அவசரத்துல நல்ல தளத்தப் போட்டுட்டா நஷ்டம் நமக்குத்தான்.

நான் கடைக்காரருக்கு மெயில் எதுவும் போடல, ஃபைலும் ஏத்தல. அங்க இருந்து வாரத்துக்கு ரெண்டு மூணு பேரு வர்றாங்க, எல்லாரும் நேரா கெப்பாசிட்டர் மாத்துற பக்கத்துக்குத்தான் போறாங்க.