தேசியத் தரவுக் களஞ்சியம்: ஒரு பெயரின் பொருள்

எண்ணெய், எரிவாயு பற்றிய செய்திகளில் 'நேஷனல் டேட்டா ரெப்போசிட்டரி' என்ற பெயர் தென்படும். சுருக்கி 'என்டிஆர்' என்பார்கள். ஒரு நாட்டின் நிலத்திலும் கடலிலும் எண்ணெய் தேடி யார் எந்த ஆய்வு நடத்தினாலும், அதில் கிடைத்த பதிவுகளை அரசின் பெயரில் ஓரிடத்தில் சேர்த்து, சரிபார்த்து, அடுத்துத் தேட வருபவருக்குக் காட்டும் ஏற்பாடு அது. இந்தியாவில் இதை நடத்துவது ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககம். பெட்ரோலியம், இயற்கை எரிவாயு அமைச்சகத்தின் கீழ் 1993-இல் அமைந்த அலுவலகம் அது, இருப்பது நொய்டாவில். களஞ்சியம் 2017 ஜூன் 28 அன்று செயல்பாட்டுக்கு வந்தது.

இந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? அதில் உள்ள மூன்று சொற்களில் 'நேஷனல்' நமக்குத் தொல்லை தராது. தேசியம் என்று எழுதிவிட்டு நகரலாம். மற்ற இரண்டிலும்தான் விஷயம் இருக்கிறது.

'டேட்டா' இலத்தீனிலிருந்து வந்தது. கொடுத்தலைக் குறிக்கும் 'டாரே' என்ற வினையில் பிறந்த 'டாட்டும்' என்பதற்குக் கொடுக்கப்பட்டது என்று பொருள். அதன் பன்மை 'டாட்டா'. தமிழில் 'தரவு' என்பதும் தருதலில் பிறந்த பெயர். இப்படி வேரோடு வேர் பொருந்தும் கலைச்சொல் எப்போதாவதுதான் வாய்க்கும். அதிலும் இது புதிதாகச் செய்த சொல் அல்ல. கலிப்பாவின் முதல் உறுப்புக்கு யாப்பிலக்கணம் தந்த பெயர் தரவு. பாட்டுக்கான பொருளை எடுத்த எடுப்பில் தந்து நிற்கும் பகுதி அது. தாழிசை, தனிச்சொல், சுரிதகம் எல்லாம் அதன் பின்னால்தான் வரும். பழைய சொல் புதிய வேலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'தகவல்' என்று எழுதினால் என்ன என்று கேட்கலாம். பேச்சில் குற்றமில்லை. எண்ணெய்த் துறையில் மட்டும் இரண்டுக்கும் இடையில் பெரும் பணம் கிடக்கிறது. நிலத்தை அதிரச் செய்து, அடியிலுள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கருவிகள் பதிவுசெய்கின்றன. அந்தப் பதிவு தரவு. அதைப் பல மாதங்கள் கணினியில் பக்குவப்படுத்தி, 'இந்த இடத்தில், இந்த ஆழத்தில், எண்ணெய் தேங்கக்கூடிய மணற்பாறை வளைந்து நிற்கிறது' என்று ஒரு நிலவியலாளர் சொன்னால் அது தகவல். முன்னதை எந்தக் கருவியும் தரும். பின்னது நிறுவனத்தின் மூளை உழைப்பு. சட்டமும் இதை உணர்ந்தே நடக்கிறது. நார்வேயில் கிணறு தோண்டிய நிறுவனத்தின் மூலத் தரவு பொதுவாக 2 ஆண்டுகளில் எல்லோருக்கும் திறந்துவிடும். நிறுவனம் வடித்தெடுத்த விளக்கங்களுக்கு ரகசியக் காலம் அதைவிட நீளம். 'தகவல்' என்று பொதுவாக மொழிபெயர்த்தால் இந்த வேறுபாடு அழிந்துபோகும்.

இனி 'ரெப்போசிட்டரி'. 'ரெபோனெரே' என்றால் இலத்தீனில் எடுத்ததைத் திரும்ப வைத்தல், ஒதுக்கி வைத்தல். அதிலிருந்து வந்த 'ரெபோசிடோரியம்' ரோமானியர் வீட்டு விருந்தில் உணவு வகைகளை அடுக்கி எடுத்துவந்து பரிமாறும் தாங்கியைக் குறித்தது. பொருள்களைச் சேர்த்து வைக்கும் இடம் என்ற பொதுப்பொருள் பிறகு நிலைபெற்று, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வைத்தல் என்ற வினையைப் பிடித்துக்கொண்டு 'வைப்பகம்' என்று தமிழாக்குபவர்கள் உண்டு. இலக்கணப்படி சரிதான். ஆனால் வைத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை அது தருகிறது.

'காப்பகம்' இன்னும் பழகிய சொல். முதியோர் காப்பகம், புலிகள் காப்பகம், ஆவணக் காப்பகம் என எல்லாவற்றிலும் பாதுகாப்பே முதன்மை. உள்ளே இருப்பதற்கு வெளியிலிருந்து தீங்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'கருவூலம்' பூட்டை நினைவூட்டுகிறது. 'தரவு வங்கி' கேட்க எடுப்பாக இருந்தாலும் உரிமை பற்றித் தவறாகச் சொல்கிறது. வங்கியில் போட்ட பணம் போட்டவருடையது. இங்கே நிலைமை நேர் எதிர்: இந்தியாவில் ஒப்பந்தப் பகுதியில் எடுக்கப்படும் தரவு அரசின் சொத்து. செலவு செய்து எடுத்த நிறுவனம் தன் தேவைக்குப் பயன்படுத்தலாம். ஒரு படியை அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும். தொகுதியை, அதாவது தேடுவதற்கு ஒதுக்கப்பட்ட பரப்பை, விட்டுப் போகும்போது தரவை மட்டும் சுருட்டிக்கொண்டு போக முடியாது.

எனவே என் வாக்கு 'களஞ்சிய'த்துக்கு. பத்தாயமும் குதிரும் வீட்டுக்குள் இருப்பவை. களஞ்சியம் ஊருக்கோ கோயிலுக்கோ உரியது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நெல் காய்ந்து, தூற்றி, அளந்து உள்ளே போகும். ஈரத்தோடும் பதரோடும் போட்டால் கெட்டுவிடும். பிறகு சோற்றுக்கும் விதைக்கும் அளந்து வெளியே வரும். வரவு, சோதனை, வெளியேற்றம் மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. என்டிஆரின் அன்றாட வேலையும் இதுதான்.

அதிலும் சோதனைதான் பெரும்பாடு. எண்ணெய்த் துறையின் பழைய தரவு காந்த நாடாக்களில் கிடக்கிறது. பல பத்தாண்டுகள் கழிந்த நாடாவில், காந்தத் துகளை ஒட்டி வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அப்படியே கருவியில் ஓட்டினால் பூச்சு உரிந்துவிடும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி, பிசுபிசுப்பு அடங்கியிருக்கும் சில நாட்களுக்குள் படியெடுக்க வேண்டும். நாடா பிழைத்தாலும் அதைப் படிக்கும் இயந்திரம் பிழைத்திருக்க வேண்டும். அதற்கு முந்திய பதிவுகளோ காகிதச் சுருள்கள். கிணற்றுக்குள் மின்கருவியை இறக்கிப் பாறைகளின் தன்மையை அளக்கும் கிணற்றுப் பதிவு முதன்முதலில் 1927-இல் பிரான்சின் பெஷல்புரோனில் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழுவால் எடுக்கப்பட்டது. அதிலிருந்து கணினி வரும்வரை உலகம் முழுக்கக் கிணற்றின் கதை காகிதத்தில் கோடுகளாகவே இருந்தது. அந்தக் கோடுகளை மீண்டும் எண்களாக்க ஒவ்வொரு வளைவையும் தடம்பிடிக்க வேண்டும்.

நில அதிர்வுத் தரவைப் பரிமாற 1975-இல் வெளியான எஸ்இஜி-ஒய் என்ற வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் 40 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், மனிதர் படிப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்த அளவீட்டு முறை என்பதை அங்கே எழுத வேண்டும். அவசரக்காரர்கள் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். அதன் விலையைப் பிறகு வருபவர் கொடுப்பார்.

இடக்குறிப்பு இன்னொரு தலைவலி. இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித மாதிரியை, அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் கருவி வேறொரு நீள்கோளத்தில் கணக்கிடுகிறது. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இரண்டு முறைகளிலும் தரையில் குறித்தால் புள்ளிகள் நூறு மீட்டருக்கும் மேலாக விலகி விழும். எந்த முறை என்று எழுதாத ஆயத்தொலை (இடத்தைக் குறிக்கும் எண்) வெறும் எண். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பெனியர் ஏரியில் 1980 நவம்பரில் எண்ணெய் தேடிய துளைக்கருவி அடியிலிருந்த உப்புச் சுரங்கத்தைத் துளைத்து, ஏரி முழுவதும் சுரங்கத்துக்குள் வடிந்தது. சுரங்கத்தில் இருந்த அனைவரும் தப்பியது பெரும் பேறு. துளையிடும் இடத்தைக் கணக்கிட்டதில் நேர்ந்த ஆயத்தொலைப் பிழையே காரணமாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. சான்றுகள் ஏரியோடு போய்விட்டன.

இவ்வளவு பாடுபட்டுத் தரவைச் சுத்தம் செய்வது எதற்காக? பாறை மாறுவதில்லை, பார்ப்பவர் மாறுகிறார். நார்வேயின் வடகடல் பகுதியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி, பலரும் பயனில்லை என்று நினைத்த பரப்பில் 2010-இல் லுண்டின் நிறுவனம் எண்ணெய் கண்டது. அதன் தொடர்ச்சிதான் 2019 அக்டோபரில் உற்பத்தியைத் தொடங்கிய யோஹான் ஸ்வெர்ட்ருப் வயல். ராஜஸ்தானின் பார்மரில் ஷெல் நிறுவனம் விட்டுப்போன தொகுதியில் கெய்ர்ன் தொடர்ந்து துளைத்து 2004 ஜனவரியில் மங்களா வயலைக் கண்டது. எண்ணெய் இல்லாமல் வறண்டுபோன கிணறும் ஒரு சேதி சொல்கிறது: இங்கே எண்ணெய் உருவாகும் மூலப்பாறை இருக்கிறது, அதைக் கசியாமல் தடுக்கும் மூடுபாறை இல்லை என்றோ, எண்ணெய் வந்து கடந்து போயிருக்கிறது என்றோ. அந்தச் சேதி விட்டுப்போனவரின் அலமாரியிலேயே இருந்துவிட்டால், அடுத்தவர் கோடிகளைச் செலவழித்து அதே வறண்ட கிணற்றை மறுபடி தோண்டுவார். நார்வே இதை முன்னதாகவே புரிந்துகொண்டு 1995-இலேயே 'டிஸ்கோஸ்' என்ற பொதுத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. அரசு அமைப்பும் எண்ணெய் நிறுவனங்களும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே களஞ்சியத்துக்குக் கட்டணம் செலுத்துவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இந்தியாவில் களஞ்சியம் பிறந்ததற்குக் கொள்கை மாற்றம் ஒரு காரணம். முன்பு எந்தப் பரப்பை ஏலம் விடுவது என்பதை அரசே தொகுதி தொகுதியாக வெட்டிக் காட்டும். 2016-இல் ஒப்புதல் பெற்ற புதிய கொள்கையின் கீழ், நிறுவனமே தரவைப் பார்த்துத் தனக்கு வேண்டிய எல்லையை வரைந்து விருப்பம் தெரிவிக்கலாம். அதன்மேல் ஏலம் நடக்கும். பார்க்கத் தரவு இல்லாமல் எல்லையை எப்படி வரைவது? அதனால்தான் 'திறந்த பரப்பு உரிமத் திட்டம்' என்ற இந்த முறையும் என்டிஆரும் ஒரே நாளில் தொடங்கின. நாட்டின் 26 படிவுப் படுகைகளில் ஆய்வே நடக்காத பரப்புகளை நிரப்ப, 48,243 கிலோமீட்டர் நீளத்துக்கு இருபரிமாண நில அதிர்வுத் தரவு எடுக்கும் தேசியத் திட்டம் 2016-இல் தொடங்கியது. அதன் விளைச்சலும் இந்தக் களஞ்சியத்துக்கே.

'படுகை' என்ற சொல்லைப் பார்த்ததும் தஞ்சாவூர்க்காரர் ஆற்றையும் வயலையும் நினைப்பார். நிலவியலாளரின் காவிரிப் படுகை வேறு. அது புதுச்சேரியிலிருந்து ராமநாதபுரம் வரையும், கடலுக்கடியில் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா வரையும் நீளும் பழைய பாறைப் பள்ளம். ஆற்றுக்கும் அதற்கும் பெயர் மட்டுமே உறவு. நரிமணத்தில் எண்ணெய் வருவது அதிலிருந்துதான். ஆக, 'தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம்' என்று பாடப்புத்தகம் சொல்லும் அதே மண்ணின் அடிப்பாறைகள் நொய்டாவின் தரவுக் களஞ்சியத்தில் கோப்புகளாக இருக்கின்றன. நெடுவாசல் போராட்டத்துக்குப் பிறகு, 2020-இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு அங்கே தடை. பழைய கிணறுகளின் தரவோ எந்தத் தடைக்கும் உட்படாமல் களஞ்சியத்தில் இருக்கும். அந்தத் தரவைப் பார்க்க நேர்ந்தால் நிலத்தடி நீரைப் பற்றியும் மண் அடுக்குகளைப் பற்றியும் விவசாயிக்கும் அதில் கொஞ்சம் கிடைக்கும் என்பது என் கணிப்பு. இப்போதைக்கு அந்தக் கதவு எண்ணெய் தேடுபவரை நோக்கியே திறக்கிறது.

துணைச்சொற்களில் ஒரு குழப்பத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'புவியியல்' என்றால் மலை, ஆறு, நாடு, நகரம் படிக்கும் பாடம். தமிழ்நாடு அரசின் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை' பார்ப்பதோ பாறையையும் கனிமத்தையும். ஒரே சொல், இரண்டு இயல்கள். இலங்கையில் இந்தச் சிக்கல் இல்லை. பாறையியல் சார்ந்ததற்கு 'புவிச்சரிதவியல்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். பூமியின் சரித்திரம் என்ற பொருள் அதில் துலக்கமாக நிற்கிறது. நீளம் கொஞ்சம் கூடுதல். தரவுக் களஞ்சியத்தைப் பற்றி எழுதும்போது 'நிலவியல் தரவு' என்பதே இருபக்கத்துக்கும் குழப்பமில்லாதது என்று நினைக்கிறேன்.

கச்சா எண்ணெயை இலங்கைச் செய்தித்தாள்கள் 'மசகு எண்ணெய்' என்று எழுதும். தமிழ்நாட்டுக்காரருக்கு மசகு வண்டியச்சுக்குப் போடுவது. மன்னார்ப் படுகையில் 2011-இல் கெய்ர்ன் கண்ட டொராடோ, பரகுடா என்ற இரண்டு கண்டுபிடிப்புகளும் எரிவாயு என்பதால் அந்தச் செய்தியில் இந்த வழக்கு வேறுபாட்டுக்கு வேலை வரவில்லை.

எழுதும் முறை: 'தேசியத் தரவுக் களஞ்சியம்' என்று இரண்டு இடத்திலும் வல்லினம் மிகுத்து எழுதலாம். 'தரவு' தொகுதியையும் குறிப்பதால் ஒவ்வோர் இடத்திலும் 'தரவுகள்' என்று பன்மை போட வேண்டியதில்லை. சுருக்கம் வேண்டுமானால் முதல்முறை முழுப்பெயரைத் தந்துவிட்டுப் பிறகு 'களஞ்சியம்' என்றே தொடரலாம், 'தே.த.க.' என்று எழுதினால் எவருக்கும் விளங்காது.