பட்டன் இருக்கிறதே, அப்புறம் என்ன?

டயர் மாற்றுவதே தொழில் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழும். பட்டன் என்பது டயரில் தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்; அவை தேயாமல் இருந்தால் டயர் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அண்மையில் ஒருவர் தன் காரின் ஸ்டெப்னியைக் காட்டி இதையே கேட்டார். டிக்கியிலேயே படுத்துக் கிடந்த டயர். மேலே ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. பக்கவாட்டைத் துணியால் துடைத்து, எழுத்துகள் மேல் சாக்பீஸைத் தேய்த்தேன். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், சின்ன நீள்வட்டத்துக்குள் 2312 என்று இருந்தது. 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதத்தில் செய்த டயர். கட்டைவிரலால் பள்ளத்தை விரித்துப் பார்த்தால் அடியில் முடி போல வெடிப்புகள்.

ஓடினால்தான் டயர் கெடும் என்றில்லை. வெப்பமும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சும்மா கிடக்கும் ரப்பரையும் இறுக்கிவிடும். 6 ஆண்டில் மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் உண்டு. டயர் நிறுவனங்கள் பல, எவ்வளவு பட்டன் இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்கின்றன. புது டயர் வாங்கும்போதும் நான் முதலில் பார்ப்பது இந்த நான்கு இலக்கத்தைத்தான்.

பெரிய எழுத்தில் இருக்கும் 205/55 ஆர்16 91வி ஒரு வேடிக்கையான கலவை. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் சுமார் 113 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்கட்டமைப்பு வகை. 16 மட்டும் அங்குலம், ரிம்மின் விட்டம்.

வாடிக்கையாளர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது அந்த 91வி-யைத்தான். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். அதே அளவில் 88 போட்ட டயர் கிடைத்தால், அது தாங்குவது 560 கிலோதான். குடும்பமும் பெட்டிகளுமாக ஏறும் நாளில் அந்த 55 கிலோ தெரியும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ., எச் என்றால் 210. "நான் எங்கே 200-ல் போகப் போகிறேன்?" என்பார்கள். சரிதான், ஆனால் அந்த எழுத்து வேகத்தில் ஏறும் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கார் கையேட்டில் சொன்னதற்குக் கீழே நான் மாட்டித் தருவதில்லை.

அப்புறம் காற்று. டயரில் அதிகபட்சம் 51 பி.எஸ்.ஐ. என்று பார்த்துவிட்டு அவ்வளவும் அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அது டயரின் உச்ச வரம்பு. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதற்கு மேலே போனால் டயரின் நடுப்பகுதி மட்டும் மொட்டையாகும், ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும். டி.டபிள்யூ.ஐ. என்றோ சின்ன முக்கோணமோ தெரியும் இடத்துக்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் மிச்சம் 1.6 மி.மீ. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காதீர்கள்.

ஸ்டெப்னி ஆசாமி மற்ற நான்கு டயர்களையும் தானே சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தார். மூன்றில் தேதி கிடைத்தது. நான்காவதில் டி.ஓ.டி. இருந்தது, கடைசி நான்கு இலக்கம் இல்லை. முழு வரிசை ஒரு பக்கத்தில் இருந்தால் போதும் என்பதுதான் விதி. அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்துவிட்டார்.