குரூப் ஒன்று, ஆனால் பொருந்தவில்லை

“டொக்டர், எங்கட ரெண்டு பேருக்கும் ஓ பொசிட்டிவ்தான். அப்ப கிட்னி குடுக்கலாம்தானே?”

திருகோணமலையில் சிறுநீரக நோயாளர்களைப் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர் அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருப்பார். குரூப் ஒத்துப்போவது முதல் படிதான் என்று சொன்னதும் முகம் வாடிவிடும்.

ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். டயாலிசிஸில் களைத்துப்போயிருந்த அவருக்கு மூத்த மகன் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தார். குரூப் ஒன்று, ஸ்கேன் சரி. இரவு ரயிலில் கொழும்புக்கும் இங்கேயுமாக அலைந்து, கடைசியில் குரொஸ்மட்ச் அறிக்கை வந்தது: பொசிட்டிவ். அதை நல்ல செய்தி என்றே மகன் நினைத்துவிட்டார். இந்தப் பரிசோதனையில் பொசிட்டிவ் என்றால் மகனின் கலங்களைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் தாயின் இரத்தத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன என்று அர்த்தம். விளக்கிச் சொன்னபோது அந்த அம்மா கேட்டார்: “நான் பெத்த புள்ளட கிட்னிய என்ட உடம்பு ஏன் வேணாமெண்டுது?”

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன்.

நம் கலங்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ என்ற புரதங்கள் உண்டு. உடலைக் காக்கும் நிர்ப்பீடனத் தொகுதி ‘இது என்னுடையது, இது அந்நியம்’ என்று பிரித்தறிவது பெரும்பாலும் இவற்றைப் பார்த்துத்தான். இவற்றுக்கான பரம்பரையலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு கொத்தாக இருக்கின்றன. ஒரு கொத்து தாயிடமிருந்தும் மற்றது தகப்பனிடமிருந்தும் வருகிறது. இரத்த குரூப் பார்ப்பது சிவப்புக் கலங்களில். அவற்றில் எச்.எல்.ஏ அநேகமாக இல்லை என்பதால், குரூப் அறிக்கை இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

அந்த மகனில் பாதி எச்.எல்.ஏ தகப்பனுடையது. வயிற்றில் சுமந்தபோதும் பிரசவத்தின்போதும் பிள்ளையின் கலங்கள் கொஞ்சம் தாயின் இரத்தத்தில் கலக்கும். சில தாய்மாரின் உடல் அந்தத் தகப்பன் பாதியை அந்நியமென்று குறித்துவைத்துக்கொள்ளும், பல வருடங்கள் மறக்காது. எல்லாத் தாய்மாருக்கும் இப்படி நேர்வதில்லை. ஆனால் நேர்ந்துவிட்டால் பிள்ளையின் சிறுநீரகமும் கணவனின் சிறுநீரகமும் ஒரே காரணத்தால் தடைப்படலாம். இதில் அந்த அம்மாவின் குற்றம் ஒன்றுமில்லை. இதை நான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

எச்.எல்.ஏ பற்றிய அறிவே இப்படிப்பட்ட தாய்மாரிடமிருந்தும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடமிருந்தும்தான் தொடங்கியது. 1958இல் பிரான்சில் ஜான் டோசே, பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் இரத்தத்தை வைத்து முதல் எச்.எல்.ஏ புரதத்தை அடையாளம் கண்டார். அதே ஆண்டில் வான் ரூட்டும் ரோஸ் பெய்னும் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் வெண்குழியங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டினார்கள்.

குரொஸ்மட்ச் எப்படி நடக்கிறது என்பதைப் பயிற்சிக் காலத்தில் ஒருமுறை கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். சின்னஞ்சிறு குழிகள் உள்ள தட்டு. கொடுப்பவரின் வெண்குழியங்களோடு பெறுபவரின் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, துளித்துளியாகச் சேர்ப்பார்கள். அப்புறம் சாயம். நுணுக்குக்காட்டியில் உயிரோடிருக்கும் கலம் பளிச்சென்று தெரியும். பிறபொருளெதிரிகள் தாக்கிச் செத்த கலம் சாயத்தைக் குடித்துக் கறுத்து வீங்கிக் கிடக்கும். 1969இல் படேல், டெரசாகி இருவரும் வெளியிட்ட கணக்கு இன்றும் என்னை நடுங்க வைப்பது. பொசிட்டிவாக இருந்தும் பொருத்திய 30 சிறுநீரகங்களில் 24 உடனேயே செயலிழந்தன. நெகட்டிவாக இருந்த 195இல் 8தான்.

இங்கே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இரத்தம் ஏற்றுவதைப் பற்றி. சிறுநீரக நோயாளிக்கு ஹீமோகுளோபின் குறைவது வழமை. “ஒரு பைந்து ஏத்திவிடுங்கோ டொக்டர், தெம்பா இருக்கும்” என்று உறவினர் கெஞ்சுவார்கள். ஏற்றும் ஒவ்வொரு பைந்திலும் வேறொருவரின் வெண்குழியங்கள் கொஞ்சமாவது இருக்கும், அந்த நினைவும் உடலில் தங்கிவிடலாம். இரும்புச்சத்து ஊசியும், சிவப்புக் கலங்கள் உண்டாகத் தூண்டும் எரித்ரோபொயிட்டின் ஊசியும் கொடுத்துச் சமாளிக்க முடியுமானால், நாளை மாற்றுச் சிகிச்சைக்குப் போகக்கூடியவருக்கு அதுவே நல்லது. விபத்திலோ கடும் இரத்தப்போக்கிலோ தயங்கவே கூடாது. அங்கே உயிர்தான் முதலில். ஏற்றியிருந்தால் தேதியையும் எத்தனை பைந்து என்பதையும் எழுதிவைத்திருங்கள். கருச்சிதைவு ஏற்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் தனியாகச் சொன்னாலும் போதும்.

சரி, சகோதரர்கள்? ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள் இருவருக்கிடையே முழுப் பொருத்தத்துக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பாதிப் பொருத்தத்துக்கு நாலில் இரண்டு, பொருத்தமே இல்லாமலிருக்க நாலில் ஒன்று. நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டாயம் பொருந்துவார் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே சீட்டு விழுகிறது.

முழுப் பொருத்தம் கிடைத்தாலும், புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து வேண்டும். 1954இல் பொஸ்டனில் ஜோசப் மரே செய்த சிகிச்சை அந்த மருந்துகள் இல்லாமலே வென்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். மற்றவர்களுக்கு டக்ரோலிமஸ் போன்றவை நேரம் தவறாமல் உள்ளே போக வேண்டும். நிராகரிப்பு பெரும்பாலும் வலிக்காது. கடலுக்குப் போகும் ஓர் இளைஞர், உடம்பு நன்றாக இருக்கிறதென்று மூன்று வாரம் மருந்தை விட்டார். வந்தபோது வலியோ காய்ச்சலோ இல்லை, சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடும் கழிவான கிரியேட்டினின் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

பிறகு அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க அவருடைய தங்கை முன்வந்தார். பாதிப் பொருத்தம்தான், ஆனால் குரொஸ்மட்ச் நெகட்டிவ். போன மாதம் கிளினிக்கிற்கு வந்தவரின் பையில் இரண்டு அலாரம் வைத்த பழைய போன் ஒன்று இருந்தது, காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும். அலாரத்தைப் போட்டுக்கொடுத்தவர் மூத்த மகன்.