தத்துவமா, நெறியா?

“தனிநபர் தத்துவங்கள் குடும்பத்தின் வாழ்வியல் தேர்வுகளை வடிவமைக்கின்றன.”

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் மீனவக் குடும்பங்களுக்கு நடந்த பயிலரங்கு ஒன்றில் கொடுத்த கையேட்டின் முதல் வரி இது. பேச வந்தவரும் அதையே பாட்டுப் பல்லவி போலத் திரும்பத் திரும்பச் சொன்னார். பின்வரிசையில் ஓர் அக்கா, “தேர்வுண்டா யாருக்கு, பிள்ளைகளுக்கா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வரியில் இருப்பதெல்லாம் தமிழ்ச் சொற்கள்தாம். வரிதான் தமிழாக இல்லை. சமீப காலமாக வாழ்க்கைப் பயிற்சி வகுப்பு, வார இதழின் குடும்பப் பக்கம், யூட்யூப் காணொளி என்று எங்கே திரும்பினாலும் இந்தத் ‘தனிநபர் தத்துவம்’தான் காதில் விழுகிறது.

சொல்ல வந்த சங்கதி எளியது. ஒருவர் தமக்கென்று ஒரு பிடிப்பு வைத்திருப்பார். அது அவர் வீட்டு அடுப்படி, பணப்பெட்டி, பிள்ளை வளர்ப்பு வரை போய்ச் சேரும். ஆங்கிலத்தில் இதற்குப் ‘பர்சனல் ஃபிலாசஃபி’ என்பார்கள். ஃபிலாசஃபி என்ற சொல் கிரேக்கத்தில் பிறந்தது. அறிவின்மேல் வைத்த அன்பு என்று பொருள். அரபிக்குப் போய் ‘ஃபல்சஃபா’ ஆயிற்று. கல்லூரியில் படிக்கும் பாடத்துக்கும் அந்தச் சொல்தான், ஒரு கடைக்காரர் தம் தொழிலில் வைத்திருக்கும் பிடிப்புக்கும் அந்தச் சொல்தான். தமிழில் அந்த இரண்டுக்கும் ஒரே சொல் கிடையாது, தேவையும் இல்லை. பாடத்துக்கு ‘மெய்யியல்’ இருக்கிறது. கடலுக்கு அந்தப்பக்கம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரே அதுதான். சிக்கல் இரண்டாவது பொருளில்தான். அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்தார்கள், முதலில் இருந்த சொல்லை எடுத்தார்கள், அகராதியை மூடிவிட்டார்கள்.

‘தத்’ என்றால் அது. ‘த்வம்’ என்றால் தன்மை. அதுவாக இருக்கும் தன்மை, அதாவது உள்ளபடி உள்ள உண்மை, தத்துவம். வடமொழிச் சொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. மீனவன் வாயில் புழங்கும் சொல்லில் பாதி எங்கிருந்தெல்லாமோ வந்தது. அதற்கெல்லாம் தூய்மை பார்த்தால் வலையை இறக்கவே முடியாது. என் வழக்கு வேறு. சைவ சித்தாந்தத்தில் தத்துவங்கள் 36. ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. அந்த 24-இல் மண், நீர், காது, மூக்கு, கை, கால் எல்லாம் அடக்கம். எல்லா உயிருக்கும் பொதுவானது எதுவோ அதுதான் தத்துவம். அதற்கு முன்னால் ‘தனிநபர்’ என்று போட்டால் ‘தனியார் ஆகாயம்’ என்று எழுதினதற்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. சித்தாந்தத்தில் தத்துவம் என்பது பிடித்துக்கொள்ள வேண்டியதன்று, கண்டு, தெளிந்து, கழற்றிப்போட வேண்டியது. தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி என்று படி வைத்திருக்கிறார்கள். வேதாந்தமும் சித்தாந்தமும் கரைகண்ட தாயுமானவர் சமாதி கொண்டிருப்பது இதே இராமநாதபுரத்தில்தான். அவர் ஊரிலேயே வந்து, “உங்கள் தத்துவத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று கையேடு விநியோகிப்பது கொஞ்சம் துணிச்சல்தான்.

சாத்திரம் வேண்டாம், பேச்சு வழக்கையே எடுத்துக்கொள்வோம். “பெரிய தத்துவம் பேசுறாரு” என்றால் நம் ஊரில் பாராட்டா? ஆட்டோ முதுகில் எழுதியிருப்பது தத்துவம். தோற்றவன் டீக்கடையில் சொல்வது தத்துவம். தமிழன் வாயில் தத்துவம் பேச்சாகிப் பல காலம் ஆகிறது; செய்கையோடு அதற்கு ஒட்டு இல்லை. இலங்கைத் தமிழில் அதற்கு ‘அதிகாரம்’ என்ற பொருளும் உண்டு. ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடக் கொடுக்கும் பத்திரத்துக்கு அங்கே ‘அற்றோணித் தத்துவம்’ என்று பெயர். தலைமன்னாரிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் பெரியவர் ஒருவரிடம் ‘தனிநபர் தத்துவம்’ என்றால், எந்தக் காணிக்கு என்று கேட்டாலும் கேட்பார்.

‘வாழ்வியல் தத்துவம்’ என்று திருத்திவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். இயல் என்பது ஒரு துறையைக் குறிக்க வரும் ஒட்டு. உயிரியல், இயற்பியல், வாழ்வியல். வீட்டில் இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதற்குத் துறை எதற்கு?

சரி, இந்தக் கரையில் மனிதர்கள் இதை எப்படித்தான் சொல்கிறார்கள்? திருவாடானைப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் ‘சைவ நெறி’ என்பார்கள். கீழக்கரையில், தொண்டியில், பெரியபட்டினத்தில் சமயத்துக்கே ‘மார்க்கம்’ என்று பெயர். பிள்ளை ஓதப்போவது மார்க்கக் கல்வி. தங்கச்சிமடத்துக் கோயிலில் வாசிக்கும் வேதத்தில் ஏசு தம்மைச் சொல்லும்போது முதலில் வரும் சொல் ‘வழி’. நெறி, மார்க்கம், வழி மூன்றும் ஒன்றுதான். எப்படி வாழ்வது என்று கேட்டால் இந்தக் கரையில் எல்லாரும் காலடியைத்தான் பார்க்கிறார்கள். இது இன்று நேற்றைய பழக்கமும் இல்லை. நல்லது செய்ய முடியாவிட்டாலும் கெட்டதைச் செய்யாதிருங்கள் என்று சொல்லும் புறநானூற்று 195-ஆம் பாட்டு, அதுதான் எல்லாரும் விரும்புவது, ‘நல்லாற்றுப் படூஉம் நெறியுமார் அதுவே’ என்று முடிகிறது. ஆறு என்றாலும் வழி, நெறி என்றாலும் வழி.

ஆகவே என் பரிந்துரை நெறி. நடக்கிற வழி. நடந்தால்தான் நெறி, பேசினால் இல்லை.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். வட்டிக்கு வாங்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அங்கே மகளுக்குத்தான் வீடு; கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வங்கியில் போய்க் கையெழுத்துப் போட்டால் ஒரு வருடத்தில் எழும்பியிருக்கும் வீடு, வாப்பா வளைகுடாவிலிருந்து அனுப்பும் காசில் சுவர் சுவராக ஏறியது. உம்மாவுக்கு அதில் சடவு உண்டு. “அவுக மார்க்கப்படி சரிதான், மகளுக்கு வயசு நிக்குமா?” என்று கேட்பார். கேட்டாலும் நகையை அடகுக் கடைக்கு அவரும் அனுப்பவில்லை. ஒருவர் நெறி வீட்டின் நெறியாவது இப்படித்தான், முணுமுணுப்போடு.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத குடும்பங்கள் உண்டு. முந்தின நாள் எவ்வளவு மீன் பட்டது என்று கேள்விப்பட்டாலும் போவதில்லை. திங்கட்கிழமை குழம்பில் கருவாடு கிடப்பதற்கு அதுவே காரணம். சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்கள் இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே எடுப்பது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது. பறித்தால் காசு, விட்டுவைத்தால் அடுத்த முறையும் பாசி. இதை அந்தப் பெண்களிடம் போய் ‘உங்கள் தத்துவம்’ என்று சொன்னால் சிரிப்பார்கள்.

மீன்பிடிக் கிராமத்தில் வள்ளலார் வழிக்குப் போய் மீனை விட்டவர் ஒருவரையும் தெரியும். அந்த வீட்டில் இரண்டு சட்டி. அவர் மனைவி, “அவுகளுக்குத் தனிச் சட்டி, எங்களுக்கு ஊரு சட்டி” என்பார். வள்ளலாரும் தம் வழிக்குச் ‘சன்மார்க்கம்’ என்றுதான் பெயர் வைத்தார்.

‘கொள்கை’ போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல சொல். கொள்வது கொள்கை. “கொள்கையோட இருக்குற ஆளு” என்று ஊரில் மதிப்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் கட்சிகள் அதைக் குத்தகைக்கு எடுத்து நாளாகிவிட்டது. கொள்கை பரப்புச் செயலாளர் என்று ஒரு பதவியே இருக்கிறது; வீட்டில் மாமியாருக்கு அந்தப் பதவி தேவையில்லை. கொள்கையை அறிவிக்கலாம், விளக்கலாம், கூட்டணிக்காகத் தள்ளியும் வைக்கலாம். மேடையில் சொல்லும் ஒன்றுக்கு அது பொருந்தும். நெறிக்கு அடுத்த இடம் அதற்குத் தருகிறேன். ‘வைராக்கியம்’ கொஞ்சம் கோபம் கலந்தது. ஒரு நாள் ஆத்திரத்தில் டீயை விட்டவனுக்கு அது சரி. ‘கோட்பாடு’ பாடப்புத்தகத்தில் இருக்கட்டும்.

நெறிமேலும் ஒரு குறை சொல்வார்கள். காலில் கெளுத்தி முள் ஏறினால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டும்’. கரையோரத்தில் அந்தப் பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். வரட்டுமே. “அவர் வாழ்ந்த நெறி” என்றால் யாரும் தொடையைத் தடவிப் பார்க்கப்போவதில்லை. ‘தேர்தல் நடத்தை நெறிமுறை’ என்று அரசாங்கம் எழுதுவதாலும் சொல் கெட்டுவிடாது; அங்கேயும் நடப்பதைப் பற்றித்தான் பேச்சு.

‘தேர்வு’ என்பதை இந்த இடத்தில் விட்டே விடலாம். ஒரு வீட்டில் எதை வாங்குவது, எதை வேண்டாமென்பது, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதற்கெல்லாம் வினைச்சொல்லே போதும். கையேட்டு வரியை நான் இப்படி எழுதுவேன்: “ஒருவர் நடக்கும் நெறி அவர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பது வரை தெரியும்.” சொல் கூடுகிறது, அச்சடிக்கக் காகிதம் அதிகம் ஆகும் என்பார்கள். பின்வரிசை அக்காவுக்குப் புரியும்.

ஒரு வேண்டுகோள். தத்துவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘தனிநபர் நெறி’ என்று ஒட்டவைக்க வேண்டாம். நபர் என்பது அரபி வழி வந்த சொல், அதுவும் குற்றமில்லை. ஆனால் தனிநபர் என்றதும் கடன் விண்ணப்பமும், வருமானக் கணக்கும், தனிநபர் இல்லக் கழிப்பறைத் திட்டமும்தான் நினைவுக்கு வருகின்றன. என் நெறி, அவுக நெறி, எங்க வீட்டு நெறி என்று எழுதினாலே யாருடையது என்பது தெரிந்துவிடும்.