ட்ரிப்ஸ் ஏறும்போது கை எரிந்தால் உடனே சொல்லுங்கள்

ஏழாம் மாதம், ஹீமோகுளோபின் 8. மாத்திரை போட்டாலே வாந்தி என்பதால் அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்து ட்ரிப்ஸ் போட்டோம். பாதி பாட்டில் ஏறிய பிறகுதான் கவனித்தோம், ஊசி குத்திய இடம் வீங்கியிருந்தது. "அப்பவே எரிஞ்சுது டாக்டர். சிஸ்டர் வேலையா இருந்தாங்க, இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். உடனே நிறுத்தினோம். ஆனாலும் முழங்கைக்குக் கீழே காபிக்கறை போல ஒரு திட்டு விழுந்துவிட்டது. மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோலில் இரும்பு படிந்துவிடும். அந்தக் கறை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட மறையாது. அவர் கேட்பதற்கு முன்பே நாங்கள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

மற்றபடி வாயில் இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி, குமட்டல், தலைவலி வரலாம். அடுத்த ஓரிரு நாளில் சிலருக்கு மூட்டுவலி, லேசான காய்ச்சல் இருக்கும். இவை தானாகவே அடங்கிவிடும்.

ட்ரிப்ஸ் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, நெஞ்சு இறுக்கி, முதுகு வலித்தால் பலரும் பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது அலர்ஜி இல்லை. நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் சரியாகிவிடும். அப்புறம் மெதுவாக ஏற்றலாம். ஆனால் உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, பிரஷர் இறங்கி மயக்கம் வருவது வேறு விஷயம். இது மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தான அவசரம். தாய்க்கு இப்படி ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பும் குறையலாம். "பக்கத்துத் தெருவுல நர்ஸ் இருக்காங்க, வீட்டிலேயே போட்டுக்கலாமா?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு நான் வேண்டவே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். கடுமையான அலர்ஜிக்குப் போடும் அட்ரினலின் ஊசியும் ஆக்ஸிஜனும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதத்தில் இதைப் போடுவதில்லை. ஆஸ்துமா, மருந்து அலர்ஜி, இப்போது காய்ச்சல் என எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்ப பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அதற்கு அடுத்த பஸ்ஸைப் பார்த்து வையுங்கள்.